பெயர் அழிந்த 43 கோப்புகள்: கடலூரில் ஒரு பென்டிரைவ் மீட்பு

2024 டிசம்பரில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஒரு பென்டிரைவ் வந்தது. அதில் என்ன நடந்தது, நான் எங்கே தவறினேன், எப்படிச் சரியானது என்பதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்று கைக்கு வரும்போது மற்றவர்களுக்கு உதவ வேண்டும். உரியவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், யாருடைய பெயரும் இதில் இல்லை.

படிக்கும் முன் ஒரு சின்ன விளக்கம். கோப்பின் பைட்டுகளை (கணினித் தரவின் சிறு அலகுகளை) ஹெக்ஸ் முறையில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில், எழுதும்போது 0 முதல் 9 வரையிலான எண்களோடு ஆறு ஆங்கில எழுத்துகளும் வரும். அவற்றை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ‘4பி’ என்றால் ஒரு பைட், ‘ஏஇ’ என்றாலும் ஒரு பைட்தான்.

பின்னணி

பென்டிரைவ் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவருடையது. எங்கள் பக்கம் எல்லாருக்கும் அவர் டீச்சர். 2011 முதல் 2019 வரை தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிக்குப்பம் என்று கரையோர ஊர்களுக்குப் போய், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைப் பதிவு செய்து வந்தார். முதலில் சாதாரண செல்போன், அப்புறம் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பாடியவர்களில் பாதிப் பேருக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல்.

2019இல் பதிவுகள் எல்லாவற்றையும் டீச்சரின் தங்கை மகன் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்திருக்கிறான். பிளஸ் டூ படித்தபோது கிடைத்த இலவச மடிக்கணினியில் இதைச் செய்தான். அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது, ஆனால் முதலில் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2022இல் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். பழையது காயலான் கடைக்குப் போனது. அன்றிலிருந்து அந்தக் கட்டு இருந்தது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மட்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரால் தென்பெண்ணை பெருகி, கடலூரின் கரையோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. டீச்சர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பென்டிரைவ் நனையவே இல்லை. நடந்தது வேறு: புயலன்று சாயங்காலம் பென்டிரைவைச் செருகி அதிலேயே ஒரு கட்டுரையைச் சேமித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, வந்தது, திரும்பப் போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. மின்சாரம் சீரான பிறகு கம்ப்யூட்டரைப் போட்டதும், டிரைவில் சிக்கல் இருக்கிறது, சரிபார்க்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அழுத்திவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

டிசம்பர் 9: கையில் வந்தபோது பார்த்தது

“தம்பி, எல்லாம் காலியாயிடுச்சு. ஆனா இடம் மட்டும் இன்னும் நிரம்பியிருக்குன்னு காட்டுது” என்றார். அந்த ஒரு வரியே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்தது. காலியாகத் தெரியும் டிரைவில் 3 ஜிபி அளவுக்கு இடம் பிடிபட்டிருந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னதும் ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டர் வெளியே வந்தது. அதற்குள் 43 கோப்புகள். எல்லாவற்றுக்கும் ‘ஃபைல்’ என்ற சொல்லும் நான்கு இலக்க வரிசை எண்ணும்தான் பெயர், ‘சிஎச்கே’ என்பதுதான் பின்னொட்டு.

இது எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பின் பெயரும் அளவும் ஓரிடத்தில் இருக்கும். கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற சங்கிலி இன்னோர் இடத்தில், ஃபேட் அட்டவணையில் இருக்கும். பெயர் இருந்த இடம் கெட்டு, சங்கிலி மட்டும் பிழைத்தால், சரிபார்க்கும் நிரல் அந்த அநாதைச் சங்கிலி ஒவ்வொன்றையும் ஒரு சிஎச்கே கோப்பாக்கி வைக்கும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும். பெயர் இருக்காது, பின்னொட்டு இருக்காது, சரியான அளவும் இருக்காது. இந்த டிரைவில் ஒரு கட்டம் 16,384 பைட். அதனால் 43 கோப்புகளின் அளவும் 16,384இன் மடங்காகவே இருந்தது. உண்மையான கோப்பு கட்டத்தின் நடுவில் முடிந்திருந்தாலும், மீதி இடத்தில் கிடந்த பழைய குப்பையும் வாலாக ஒட்டிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆறு கோப்புகளுக்கு ‘ஜிப்’, ‘டாக்’ என்று பின்னொட்டு மாற்றிப் பார்த்திருந்தான். பெயரை மாற்றுவதால் உள்ளே ஒரு பைட்கூட மாறாது, அதனால் அதில் நஷ்டம் இல்லை. வேர்டு ‘பழுது பார்க்கட்டுமா’ என்று கேட்டபோது பயந்துபோய் வேண்டாம் என்று மூடியிருக்கிறான். அந்தப் பயம் நல்லதாகப் போயிற்று.

முதல் முடிவு: மூலத்தைத் தொடுவதில்லை

வேறு எதையும் திறக்கும் முன், லினக்ஸில் பென்டிரைவை மவுண்ட் செய்யாமலே (அதாவது உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்க வழி விடாமலே), தொடக்கம் முதல் கடைசி பைட் வரை ஒரு பிம்பமாக நகல் எடுத்தேன். மூலத்துக்கும் நகலுக்கும் ஷா-256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டு, இரண்டும் ஒன்று என்று உறுதியான பிறகு பென்டிரைவை ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். இனி நான் என்ன தப்புச் செய்தாலும் அது நகலோடு போகட்டும் என்பதுதான் காரணம். இந்த நிகழ்வில் நான் யோசிக்காமலே சரியாகச் செய்த வேலை இது. மூன்றாம் நாள் நான் செய்த தவறு பெரிய நஷ்டமாகாமல் போனதும் இதனால்தான்.

டிசம்பர் 10: தொடக்க பைட்டுகளை வைத்து முதல் சுற்று

பெயர் இல்லாத கோப்பு என்ன வகை என்று தெரிந்துகொள்ள அதன் முதல் சில பைட்டுகளைப் பார்ப்பதுதான் வழக்கம். பெரும்பாலான வகைகளுக்குத் தொடக்கத்தில் ஒரு கையொப்பம் உண்டு. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ஜிப் என்றால் 50 4பி 03 04. முதல் இரண்டு பைட்டும் எழுத்தாகப் பார்த்தால் ‘பிகே’, 1989இல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். மற்ற சுருக்க வடிவங்களில், ராருக்கு 52 61 72 21 1ஏ 07. செவன்-ஜிப்புக்கு 37 7ஏ பிசி ஏஎஃப் 27 1சி. ஜிஜிப்புக்கு 1எஃப் 8பி, அடுத்து அநேகமாக 08. பிஜிப்2 என்றால் 42 5ஏ 68, பின்னால் 1 முதல் 9 வரை ஓர் இலக்கம், அதற்கும் பின்னால் 31 41 59 26 53 59. பை மதிப்பின் 3.14159265359 என்ற இலக்கங்களை அப்படியே பைட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்இசட் என்றால் எஃப்டி 37 7ஏ 58 5ஏ 00.

இப்படி ஓர் அட்டவணையை வைத்துச் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை எழுதி 43 கோப்புகளையும் ஓட்டினேன். பிகே என்று தொடங்கியவை 18. ராரில் 3, ஜிஜிப் 2, செவன்-ஜிப் 1. ஜேபெக் படங்கள் 7, எம்பி3 6, பிடிஎஃப் 2. அட்டவணையில் எதிலும் சேராதவை 4. அந்த நான்கையும் ‘தெரியாதவை’ என்று ஒரு ஃபோல்டரில் தள்ளினேன்.

ராரில் ஒரு நுணுக்கம் இருந்தது. மூன்றில் இரண்டு 1ஏ 07 00 என்று போயின, ஒன்று மட்டும் 1ஏ 07 01 00. இந்த ஏழாவது பைட்தான் பழைய ராரையும் 2013இல் வந்த ராரின் ஐந்தாம் வடிவத்தையும் பிரிக்கிறது. டீச்சர் வீட்டில் இருந்த வின்ரார் ஐந்துக்கு முந்தையது. இதை அங்கே திறந்திருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கும், நாமும் நம்பித் தூக்கிப் போட்டிருப்போம். புதிய நிரலில் ஒரே தடவையில் திறந்தது.

ஜிஜிப் இரண்டிலும் நான்காவது பைட் 08. அப்படியிருந்தால் கோப்பின் பழைய பெயரும் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். பத்து பைட் தலைப்பு முடிந்ததும் பெயர் வரும். ஐந்தாவது முதல் எட்டாவது வரை உள்ள பைட்டுகளில், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிக் கணக்கில் தேதியும் இருந்தது. பென்டிரைவ் தொலைத்த பெயரைக் கோப்பே பத்திரமாக வைத்திருந்தது.

பிகே என்று தொடங்கிய பதினெட்டு

பிகே என்று கண்டதும் எல்லாவற்றுக்கும் ‘ஜிப்’ என்று பெயர் வைக்க நினைப்பது இயல்பு. நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். டீச்சரிடம் அப்படியே கொடுத்திருந்தால், தன் கட்டுரையைத் திறக்கப் போனவருக்குப் புரியாத எக்ஸ்எம்எல் துண்டுகள்தான் கிடைத்திருக்கும். 2007க்குப் பிந்தைய வேர்டு, எக்செல் கோப்புகள், செல்போன் செயலிகளின் ஏபிகே, ஈபப் மின்னூல் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். தொடக்க பைட்டுகள் உறை என்ன என்று மட்டும் சொல்லும், உள்ளே இருப்பது கடிதமா கணக்கா என்று சொல்லாது.

அதனால் ஒவ்வொன்றின் உள்பட்டியலையும் பார்த்தேன். ‘வேர்டு’ என்ற உள்ஃபோல்டர் இருந்தவை 9, எக்செலுக்கு உரிய ‘எக்ஸ்எல்’ ஃபோல்டர் இருந்தவை 3, ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் (செல்போன் செயலியின் விவரக் கோப்பு) இருந்தது 1. அந்த ஏபிகேயை எங்கும் நிறுவாமல் ஓரமாக வைத்தேன். மீதி 5 மட்டுமே உண்மையான ஜிப்.

இங்கே வாலில் ஒட்டிய குப்பை கொஞ்சம் படுத்தியது. ஜிப்பின் உள்பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் 50 4பி 01 02 என்று தொடங்கும், எல்லாம் முடிந்த இடத்தில் 50 4பி 05 06 என்று ஒரு முத்திரை இருக்கும். நல்ல நிரல்கள் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி இந்த முத்திரையைப் பிடித்துவிடும். சில நிரல்கள் கூடுதல் பைட் இருப்பதைப் பார்த்ததும் பழுது என்று கைவிரித்துவிடும். முத்திரையைத் தேடி, அங்கிருந்து 22 பைட் எண்ணி, அதற்குப் பின்னால் உள்ளதை வெட்டியதும் 17 கோப்புகள் எந்த நிரலிலும் தடங்கலின்றித் திறந்தன. ஒரு ஜிப்பில் மட்டும் கடைசி முத்திரையே இல்லை. அதைத் தனியாகக் குறித்து வைத்தேன்.

டிசம்பர் 11: நான் சொன்ன தவறான பதில்

அன்று டீச்சர் கடைக்கு வந்தார். கட்டுரைகள், படங்கள், பென்ஷன் கணக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று காட்டினேன். “பாட்டு?” என்று கேட்டார். ஆறு எம்பி3 இருந்தன, ஆனால் அவை பக்திப் பாடல்கள். சுருக்கக் கோப்புகள் அத்தனையும் பிரித்துப் பார்த்தாயிற்று, எதிலும் அவர் பதிவு இல்லை. “அது இதுல இல்லைங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சரி தம்பி” என்று எழுந்து போனார்.

‘தெரியாதவை’ ஃபோல்டரில் நான்கு கோப்புகள் இருக்கும்போதே இப்படிச் சொன்னேன் என்பதுதான் இதில் உள்ள தவறு. அவற்றை நான் பார்க்காமல் இல்லை. நான்கின் முதல் எட்டு பைட்டுகளையும் பார்த்தேன். ஒன்று முழுக்கப் பூஜ்யம். ஒன்று, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரை. யூனிகோடு இல்லாததால் ஆங்கில எழுத்துகளைக் கொட்டியது போலத் தெரிந்தது. ஒன்று எந்த ஒழுங்குமில்லாத பைட்டுகள். நான்காவது இ0 ஏஇ 85 இ0 என்று தொடங்கியது. தமிழ் யூனிகோடு எழுத்துகள், அவற்றை பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில், மூன்று மூன்று பைட்டாக வரும். ஒவ்வொரு மூன்றும் இ0 ஏஇ என்றோ இ0 ஏஎஃப் என்றோதான் தொடங்கும். பல வருஷம் ஹெக்ஸ் பார்த்த கண்ணுக்கு அது சட்டென்று தெரியும். ‘ஏதோ தமிழ் உரை’ என்று முடிவுகட்டி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அந்தக் கோப்பின் அளவைப் பார்த்திருந்தால் போதும். 2 ஜிபிக்கு மேல். அவ்வளவும் தமிழ் உரை என்றால் எழுபது கோடி எழுத்துக்குறிகள். ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து தட்டினாலும் அந்தக் கணக்கு வராது.

டிசம்பர் 17: மடிக்கணினியும் ஒரு பெயரும்

ஆறு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். தங்கை மகனிடம் பேசியிருக்கிறார். “அந்த இலவச லேப்டாப்ல, லினக்ஸ்ல கட்டினானாம் தம்பி. ஏதோ டாரோ என்னமோ சொன்னான். ஃபோல்டர் பேரு நான்தான் வச்சேன், அம்பான்னு.”

டார் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உறைத்துவிட்டது. டார் எதையும் சுருக்குவதில்லை, கோப்புகளை 512 பைட் கட்டங்களாக வரிசையாக அடுக்கிக் கட்டும், அவ்வளவுதான். நாடா காலத்து வடிவம் அது. அதன் தொடக்கத்தில் கையொப்பம் கிடையாது. முதல் 100 பைட், கட்டுக்குள் இருக்கும் முதல் கோப்பின் பெயருக்கு. கையொப்பம் 257 பைட் தாண்டி வரும். என் அட்டவணையோ முதல் எட்டு பைட்டுகளோடு நின்றுவிட்டது.

நகலைத் திறந்து அந்தக் கோப்பின் முதல் வரிசையைப் பார்த்தேன். ஹெக்ஸ் பார்வையில் ஒரு வரிசைக்குப் பதினாறு பைட்:

இ0 ஏஇ 85 – இ0 ஏஇ ஏஇ – இ0 ஏஎஃப் 8டி – இ0 ஏஇ ஏஏ – இ0 ஏஇ பிஇ – 2எஃப்

மூன்று மூன்றாகப் படித்தால்: அ, ம, புள்ளி, ப, கால். அம்பா. கடைசி 2எஃப் என்பது சாய்கோடு, ஃபோல்டர் என்பதற்கான அடையாளம். ஐந்து எழுத்துக்குறிகளும் ஒரு சாய்கோடும் சரியாக அந்த ஒரு வரிசையை நிரப்பியிருந்தன. அடுத்த வரிசையிலிருந்து பூஜ்யங்கள். பதினேழாம் வரிசையின் இரண்டாம் இடத்தில், அதாவது 257இல், 75 73 74 61 72. எழுத்தாகப் படித்தால் ‘யுஸ்டார்’. டாரின் கையொப்பம் அதுதான்.

இன்னும் நிச்சயம் வேண்டும் என்று கீழே போனேன். முதல் 512 பைட் ஃபோல்டருக்கான தலைப்பு, அடுத்த 512 பைட் முதல் கோப்புக்கான தலைப்பு. அப்படியானால் முதல் கோப்பின் உள்ளடக்கம் 1,024இல் தொடங்க வேண்டும். அங்கே 23 21 41 4டி 52 என்று இருந்தது. பழைய செல்போன்கள் குரலைப் பதிவு செய்யும் ஏஎம்ஆர் வடிவத்தின் கையொப்பம்.

உடனே டீச்சருக்குப் போன் போட்டு, நான் அன்று சொன்னது தப்பு, பதிவு இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. “இப்பவே வர்றேன்” என்றார். மழை விட்டிருக்கவில்லை, நாளைக்கு வாங்க என்றேன். கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

அறுந்து கிடந்த ஜிப்

ஒரு தடவை பட்டதால், தெரியாதவற்றில் மூன்றாவதையும், ஒழுங்கற்ற பைட்டுகளால் ஆன அதையும், விட மனசில்லை. அதன் அளவு 7,70,048 பைட், 47 கட்டங்கள்.

நடுவில் எங்காவது கையொப்பம் தெரிகிறதா என்று தேடியபோது முதலில் 1எஃப் 8பி பல இடங்களில் அகப்பட்டது. ஜிஜிப் இருக்கிறதோ என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். இரண்டு பைட் கையொப்பம் எதேச்சையாக 65,536 இடத்துக்கு ஒரு முறை வரத்தான் செய்யும். இந்த அளவுள்ள கோப்பில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் சும்மாவே வரும். நான்கு பைட் கையொப்பம் என்றால் அந்த வாய்ப்பு 429 கோடியில் ஒன்று. ஒரு கோப்பின் நடுவில் தேடும்போது குட்டையான கையொப்பத்தை நம்பக்கூடாது.

நான்கு பைட்டாகத் தேடியதும் விடை வந்தது. 7,57,166ஆம் இடத்தில் 50 4பி 01 02, அதற்குப் பின்னும் வரிசையாக அதே மாதிரி, கடைசியில் 50 4பி 05 06. இது தலையில்லாத ஒரு ஜிப்பின் வால். அந்தப் பக்கம் முத்திரை இல்லாத ஜிப் ஒன்று ஏற்கெனவே ஓரமாகக் கிடக்கிறது, அது 91 கட்டங்கள், 14,90,944 பைட். ஃபேட் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் ஒரு கோப்பு இப்படி இரண்டாகிவிடும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று ஊகிக்க வேண்டிய தேவை இல்லை, ஜிப்பே அதற்குச் சாட்சி சொல்லும். கடைசி முத்திரைக்குள், உள்பட்டியல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண் நான்கு பைட்டில் எழுதியிருக்கும். இதில் இருந்தது ஏஇ 4டி 22 00. இதைப் பின்னாலிருந்து முன்னாகப் படிக்க வேண்டும்: 224டிஏஇ, அதாவது 22,48,110. தலையின் அளவு 14,90,944. வாலில் பட்டியல் தொடங்கும் இடம் 7,57,166. இரண்டையும் கூட்டினேன். 22,48,110.

ஒரு பைட்கூடப் பிசகவில்லை. தலையையும் வாலையும் ஒட்டிப் பிரித்ததில் உள்ளே பதினாறு படங்கள் இருந்தன. பாட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிய நோட்டின் பக்கங்கள். எல்லாவற்றிலும் சிஆர்சி-32 சரிபார்ப்பு (உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) பொருந்தியது.

விளைவு

43இல் ஒன்று வெறும் பூஜ்யம். இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரே கோப்பாயின. ஆகக் கையில் நின்றது 41 கோப்புகள். டாரைப் பிரித்ததில் 77 பதிவுகள் வந்தன: 46 செல்போன் பதிவு, 31 ஒலிப்பதிவுக் கருவியில் எடுத்த வேவ் ஒலிக்கோப்பு.

இங்கே நான் அவசரப்படவில்லை. ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி உண்டு, ஒரு பிட் மாறினாலும் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். டாரில் தலைப்புக்கு மட்டும்தான் கூட்டல் சரிபார்ப்பு, உள்ளடக்கத்துக்கு எதுவும் இல்லை. பிழை காட்டாமல் பிரிந்தது என்பதால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதை டீச்சரிடம் விளக்கினேன். “அப்ப நான் கேட்டுத்தான் சொல்லணும், இல்லையா?” என்றார்.

கேட்டார். ஜனவரி பொங்கல் வரை, தினமும் காலையில் நோட்டோடு உட்கார்ந்து 77 பதிவுகளையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டு, பாடியவர் பெயர், ஊர், பதிவு முழுசா இல்லையா என்று எழுதினார். 76 முழுசு. தாழங்குடாவில் எடுத்த ஒன்றில் மட்டும் நடுவில் நாலு விநாடி கரகரப்பு. அது அன்றைய காற்றா, இப்போது வந்த பழுதா என்று அந்தப் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது மாற்றிக்கொண்டவை

சொந்த அட்டவணையை முதலில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். லினக்ஸில் இருக்கும் ‘ஃபைல்’ கட்டளையைத்தான் முதலில் ஓட்டுகிறேன். 1973இலேயே யூனிக்ஸில் வந்த கருவி, டாரின் தலைப்புக் கூட்டலைக்கூடச் சரிபார்த்துச் சொல்லும். அன்று அந்த ஒரு வரியைத் தட்டியிருந்தால் டீச்சர் ஆறு நாள் தவித்திருக்க மாட்டார். என் அட்டவணையிலும் கையொப்பத்தோடு அது எத்தனையாவது பைட்டில் வரும் என்ற எண்ணைச் சேர்த்தேன். டாருக்கு 257, சிடி பிம்பத்துக்கு 32,769, எம்4ஏ ஒலிக்கு 4, பழைய எல்எச்ஏ கட்டுக்கு 2 என்று. அதோடு அளவையும் பக்கத்திலேயே காட்டும்படி செய்தேன். வகையும் அளவும் ஒத்துப்போகாத கோப்பு எதுவோ அதுதான் பட்டியலில் மேலே வரும்.

கோப்பைக் கொண்டுவருகிறவரிடம் கேட்கும் கேள்விகளையும் மாற்றினேன். ‘என்ன தொலைந்தது’ என்பதோடு, எந்தக் கம்ப்யூட்டரில் செய்தது, யார் கட்டியது, ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று ஒரு தாளில் எழுதி வாங்குகிறேன். தெரியாதவை ஃபோல்டர் காலியாகும் வரை யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று மட்டும் சொல்கிறேன்.

டீச்சரின் பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: அவர் வீட்டில் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று, சென்னையில் தங்கை வீட்டில் ஒன்று, கடையில் என்னிடம் ஒன்று. கட்டாக அல்ல, 77 தனித்தனிக் கோப்பாக, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண்ணோடு. அந்த எண்களை அச்சடித்து அவருடைய பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பழைய பென்டிரைவ் அதே கவரில், ஒட்டியபடியே அவர் பீரோவில் இருக்கிறது.